பசுவுக்குத் தானியம்: பக்குவமும் அளவும்

மாட்டுப் பொங்கலன்று பசுவைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் தீட்டி, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் இட்டு, வாழையிலையில் பொங்கலைப் பரப்பி ஊட்டுவது நம்மவரின் தொன்றுதொட்ட வழக்கம். ஆண்டு முழுவதும் குடும்பத்துக்குப் பால் வார்த்த வாயில்லா ஜீவனுக்கு அன்று ஒரு நாள் நன்றி செலுத்துகிறோம். ஆனால் அந்த நாளை ஒட்டித் தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் தவறாமல் விடுக்கும் எச்சரிக்கை ஒன்று உண்டு. பொங்கலையும் சோற்றையும் அளவு மீறி மாட்டுக்கு ஊட்டாதீர்கள் என்பதே அது. வீட்டுக்கு வீடு ஓர் இலை ஊட்டி, மிஞ்சிய பானையையும் மாலையில் கொட்டகையில் கவிழ்த்துவிட்டால், மறுநாள் காலையில் அந்தப் பசு எழுந்து நிற்பதற்கே தடுமாறும். சில பசுக்கள் எழுவதே இல்லை. கலியாண விருந்தில் மிஞ்சிய சோற்றை அண்டா அண்டாவாக மாட்டின் முன் வைப்பதும் இதே விளைவைத் தரும்.

சோறு நஞ்சல்ல, நாம் நாளும் உண்பதுதான். அரிசி, மக்காச்சோளம், கோதுமை முதலிய தானியங்களைக் கறவை மாட்டுக்குக் கொடுத்தால் பால் பெருகும் என்பதும் உண்மையே. அப்படியிருக்க, அதே தானியம் ஒரு பசுவுக்குப் பாலாகவும் மற்றொரு பசுவுக்கு எமனாகவும் ஆவது ஏன்? தானியத்தை எப்படிப் பக்குவப்படுத்தினோம், எவ்வளவு கொடுத்தோம், எத்தனை நாளில் பழக்கினோம் என்பனவற்றில்தான் அந்த வேறுபாடு அடங்கியிருக்கிறது. தோட்டத்தில் ஒன்றிரண்டு பசு வைத்திருப்போர் இதனைத் தெளிவாக அறிந்துகொள்வது நலம்.

கறவை மாடு வளர்ப்பு தோட்டத் தமிழருக்குப் புதிதன்று. பால் மரம் சீவ வந்த நம் முன்னோரின் காலத்தில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மாடுகளின் வழித்தோன்றல்கள், இந்நாட்டில் 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்ற பெயரில் ஓர் இனமாகவே குறிக்கப்படுகின்றன. லயத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை, மரங்களுக்கு இடையே மேய்ச்சல், மாலையில் ஒரு வாளி கழுநீரும் ஒரு பிடி தவிடும் என்பதே அந்த மாடுகளின் வாழ்க்கையாக இருந்தது. 1970களில் கால்நடை இலாகா பால் சேகரிப்பு நிலையங்களைத் திறந்து, அயல்நாட்டு ஃபிரீஷியன், சாஹிவால் இரத்தம் கலந்த கலப்பினப் பசுக்களைப் பரப்பியது. கழுநீரும் மேய்ச்சலும் மட்டும் கலப்பினப் பசுவுக்குப் போதா. ஆகவேதான் தானியத்தின் தேவை எழுந்தது; அதனோடு தானியத்தால் வரும் தொல்லையும் எழுந்தது.

முதலில் பசுவின் வயிற்றைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். பசுவின் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. அவற்றுள் முதலாவதும் மிகப் பெரியதுமான பெருவயிறு, வளர்ந்த பெரிய பசுவில் 100 லிட்டருக்கும் மேலாகக் கொள்ளும். அதனுள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடானுகோடி வாழ்கின்றன. புல்லைச் செரிப்பது பசுவன்று, இந்த நுண்ணுயிர்களே. அவை புல்லின் நாரைச் சிதைத்துப் புளிக்கவைத்து மெல்லிய அமிலங்களாக மாற்றுகின்றன. அந்த அமிலங்களை ஈர்த்துக்கொண்டுதான் பசு உயிர்வாழ்கிறது, பாலும் சுரக்கிறது. பசுவை வளர்ப்பவர் உண்மையில் அதன் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களையே வளர்க்கிறார் என்று சொன்னாலும் மிகையாகாது.

அமிலம் என்றால் என்னவென்று பால் மரம் சீவுவோருக்கு விளக்க வேண்டியதில்லை. புதிதாய் எடுத்த மரப்பாலில் சிறிது பார்மிக் அமிலத்தைக் கலந்தால் அது உறைந்துவிடுகிறது. அமிலத்தின் கடுமையை அளக்க பி.எச். என்றோர் அளவு உண்டு. எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும். மரத்திலிருந்து வடியும் பாலின் பி.எச். ஏறக்குறைய 7, அமிலம் ஊற்றி அதனை 5-ஐ ஒட்டிக் கொண்டுவரும்போது பால் உறைகிறது. பசுவின் பெருவயிற்றிலும் நலமான நிலையில் இந்த அளவு 6-க்கும் 7-க்கும் இடையே நிற்கிறது. 5.5-க்குக் கீழே இறங்கினால் புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் வாடத் தொடங்கும். 5-ஐ எட்டினால் அவை மடிந்து, லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் வேறு நுண்ணுயிர்கள் வயிற்றைக் கைப்பற்றிக்கொள்ளும். தொட்டியில் பாலை உறையவைக்கும் அதே அளவு பசுவின் வயிற்றில் உயிருக்கு உலை வைக்கிறது.

புல் மெதுவாகப் புளிக்கும். அதனை அசைபோடும்போது பசு ஏராளமான உமிழ்நீரையும் சுரக்கிறது. பெரிய கறவைப் பசு ஒரு நாளில் 100 லிட்டருக்கும் மேலாக உமிழ்நீர் சுரப்பதுண்டு. அதில் நம் வீட்டுச் சமையல் சோடாவின் உப்பே கலந்திருப்பதால் வயிற்றின் அமிலம் தணிந்துவிடுகிறது. தானியத்தின் மாவுச்சத்தோ விரைந்து புளிக்கும். அதனை அசைபோடவும் வேண்டியதில்லை. அமிலம் கூடுகிறது, அதனைத் தணிக்கும் உமிழ்நீர் குறைகிறது. தானியத்தின் ஆபத்து முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்.

இனி, பக்குவத்தைப் பற்றிப் பார்ப்போம். தானியத்தை முழுசாகக் கொடுத்தால் என்ன நேரும் என்பதைச் சாணத்தைக் கிளறிப் பார்த்தாலே அறியலாம். நெல், கோதுமை, வாற்கோதுமை போன்ற சிறு மணிகளைப் பசு நன்றாக மெல்லாமல் விழுங்கிவிடும். மேல்தோல் கிழியாத மணிக்குள் நுண்ணுயிர் நுழைய முடியாது. ஆகவே அம்மணிகளில் பெரும்பகுதி வாயில் போனவாறே வால்புறம் வந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய தீனியைக் கோழிகள் சாணத்தில் கிளறித் தின்னும் காட்சியைப் பலரும் கண்டிருப்பர். கோழிக்கு ஆதாயம், மாட்டுக்காரருக்கு நட்டம்.

இதற்கு எளிய பரிகாரம் தானியத்தை உடைப்பதே. ஒரு மணி இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் போதும். மாவாக அரைத்துவிடுவது நன்றெனப் பலர் எண்ணுகின்றனர், அது தவறு. பொடி நுணுங்க நுணுங்கப் புளிப்பு வேகமாகும். தூசி மூக்கில் ஏறி மாடு தும்மும். ஈரம் பட்டால் களியாகித் தொட்டியில் ஒட்டிக்கொள்ளும். கோதுமையும் வாற்கோதுமையும் இயல்பாகவே விரைந்து புளிப்பவை. ஆகவே அவற்றைக் கரகரப்பாக உடைத்தாலே போதுமானது. மக்காச்சோளம் கடினமானது, மெதுவாகச் செரிப்பது. அதனைச் சற்றுச் சிறிதாகவே உடைக்கலாம். அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக் கழகத்தார் 1960களில் தானியத்தை நீராவியில் வேகவைத்து உருளைகளுக்கிடையே அவலாகத் தட்டும் முறையை ஆராய்ந்து, கடின தானியம் அதனால் நன்கு செரிப்பதைக் காட்டினர். அந்நாட்டின் பெரிய மாட்டுப் பண்ணைகளில் அம்முறை பரவலாக வழங்குகிறது. அதற்குக் கொதிகலன் வேண்டும். ஒரு பசு வைத்திருப்பவருக்கு அது ஏற்றதன்று.

ஊறவைப்பது நம் வீடுகளில் செய்யக்கூடியது. உடைத்த சோளத்தையோ குருணையையோ இரவில் நீரில் ஊறப்போட்டு, காலையில் தவிட்டுடனும் பிண்ணாக்குடனும் பிசைந்து வைக்கலாம். தூசி அடங்கும், மாடும் விரும்பித் தின்னும். ஆனால் நம் நாட்டு வெப்பத்தில் ஓர் இரவுக்கு மேல் ஊறினால் அது தொட்டியிலேயே புளித்துவிடும். அப்படிப் புளித்து நாறுவதைக் கொட்டிவிட வேண்டுமேயன்றி, 'வீணாகிறதே' என்று இரக்கப்பட்டு மாட்டுக்கு வைக்கலாகாது.

வேகவைப்பது பற்றி ஒரு தப்பெண்ணம் நிலவுகிறது. சோறு மிருதுவானது, கஞ்சி குளிர்ச்சியானது, ஆகவே மாட்டு வயிற்றுக்கு நல்லது என்பர். உண்மை இதற்கு மாறானது. வெந்ததும் மாவுச்சத்து விரிந்து குழைந்துவிடுவதால், பச்சை அரிசியைவிடச் சோறு விரைவாகப் புளிக்கிறது. மனிதனின் வயிற்றுக்கு எது எளிதோ அதுவே பசுவின் பெருவயிற்றுக்கு மிகக் கொடியதாகிவிடுகிறது. பொங்கலில் வெல்லமும் சேர்ந்துவிடுவதால் கேட்க வேண்டியதில்லை. வெல்லம் மாவுச்சத்தையும் முந்திக்கொண்டு புளிக்கும். ஒரு கைப்பிடி பொங்கலால் எந்தப் பசுவுக்கும் தீங்கில்லை. அதனை ஊட்டிச் சூடம் காட்டிவிட்டு, மீதியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம்.

அளவு எவ்வளவு? நாளொன்றுக்கு 5 லிட்டர் பால் தரும் நடுத்தரப் பசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வயிறார நல்ல புல் கிடைக்குமானால், அதற்குமேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு 1 கிலோ என்ற கணக்கில் 2 கிலோ கலப்புத் தீனி போதும். அந்த 2 கிலோவில் உடைத்த தானியம் முக்கால் கிலோ இருக்கலாம். மீதியைத் தவிட்டாலும் பிண்ணாக்காலும் நிரப்ப வேண்டும். நம் நாட்டில் தாராளமாகக் கிடைக்கும் செம்பனை விதைப் பிண்ணாக்கு இதற்கு மிகவும் ஏற்றது. அதில் 100-க்கு 14 முதல் 18 பங்கு வரை புரதம் உண்டு, நாரும் மிகுதி, மாவுச்சத்தோ மிகக் குறைவு. தானியம் தரும் சக்தியும் பிண்ணாக்கு தரும் புரதமும் ஒன்றை ஒன்று நிறைவு செய்யும். இந்நாட்டுக்கு வேண்டிய தீவனச் சோளத்தில் பெரும்பகுதி அர்ஜெண்டினா, பிரேசில் முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வருவது என்பதையும் நினைவில் கொண்டால், அருகில் கிடைக்கும் பிண்ணாக்கை விட்டுச் சோளத்தை அள்ளிக் கொட்டுவதில் சிக்கனமும் இல்லை. ஆடு வளர்ப்போருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: செம்பனை விதைப் பிண்ணாக்கில் செம்புச் சத்து அதிகம். செம்மறியாட்டுக்கு அதனையே முழுத் தீனியாகக் கொடுத்தால் நஞ்சாகிவிடும்.

தானியத்தில் சுண்ணாம்புச் சத்து இல்லையென்றே சொல்லலாம். ஒவ்வொரு லிட்டர் பாலுடனும் 1 கிராமுக்கும் மேற்பட்ட சுண்ணாம்புச் சத்து பசுவின் உடலைவிட்டு வெளியேறுகிறது. ஆகவே தானியம் கொடுக்கும் வீட்டில் தாது உப்புக் கலவையும் சிறிது சாப்பாட்டு உப்பும் தீனியில் சேர வேண்டும்.

புதிதாகத் தானியம் தொடங்கும்போது முக்கால் கிலோவையும் முதல் நாளே கொடுத்துவிடலாகாது. முதலில் கால் கிலோ கொடுங்கள். சிறிய பால் டின் ஒன்றில் தலைதட்டிய குருணை ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். நான்கைந்து நாள் கழித்து மேலும் கால் கிலோ என்று, இரண்டு வாரத்தில் முழு அளவுக்குக் கொண்டுவரலாம். வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் புதிய உணவுக்கேற்ப இனம் மாறிப் பெருக அத்தனை நாள் வேண்டும். காலையில் பாதியும் மாலையில் பாதியுமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் தானியம் வைக்காமல், முதலில் ஒரு கட்டுப் புல்லைப் போட்டுப் பசு சிறிது தின்ற பிறகே தீனித் தொட்டியைக் காட்ட வேண்டும். பேரட்டுக்கு ஓடும் அவசரத்தில் இந்த வரிசை தலைகீழாகிவிடுவது உண்டு. வீட்டிலுள்ள பெரியவர்களிடம் இந்தப் பொறுப்பை விட்டுச் செல்வது நல்லது.

இவ்வளவு எச்சரிக்கையாக இருந்தும் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு தானிய மூட்டையில் வாய் வைத்துவிடக் கூடும். பழகாத மாடு ஒரே வேளையில் எட்டு அல்லது பத்துக் கிலோ உடைத்த தானியத்தைத் தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அசைபோடுவது நின்றுவிடும். இடப்புற வயிறு உப்பும். தொட்டுக் குலுக்கினால் நீர் நிறைந்த தோற்பைபோலத் தளும்பும். பழுப்பு நிறத்தில் புளித்த நாற்றத்துடன் கழிச்சல் போகும். குடிபோதையில் நடப்பதுபோலத் தள்ளாடும். கடைசியில் படுத்து, தலையை விலாவின் பக்கம் மடித்துக்கொள்ளும். கன்று ஈன்ற பசுவுக்கு வரும் பால் காய்ச்சலிலும் இதே கோலம் உண்டு என்பதால் பலர் ஏமாந்துவிடுகின்றனர். இந்நிலை வரும்வரை காத்திருக்கலாகாது. மாடு தானியத்தைத் தின்றுவிட்டது என்று தெரிந்தவுடனேயே, அது நலமாக நிற்பதுபோலத் தோன்றினாலும், கால்நடை இலாகாவுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். அவர்கள் வரும்வரை மீதித் தானியத்தை அகற்றிவிட்டு, காய்ந்த புல்லை மட்டும் வைத்து, மாட்டை அவ்வப்போது மெல்ல நடத்தலாம். தாகம் மிகும், ஆயினும் வாளி வாளியாக நீர் காட்டலாகாது. எண்ணெய், கசாயம் என்று மூங்கில் குழாயால் வாயில் ஊற்றுவோர் உண்டு. தள்ளாடும் மாட்டுக்கு அவ்வாறு ஊற்றினால் அது மூச்சுக்குழலில் இறங்கி, தானியம் கொல்லாத மாட்டை மருந்து கொன்றுவிடும்.

மேல்நாடுகளில் தானியத்தை இரசாயனங்களால் பக்குவப்படுத்தும் முறைகளும் உண்டு. ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரிலுள்ள ரோவெட் ஆராய்ச்சிக் கழகத்தில் ஓர்ஸ்கோவ் என்னும் அறிஞரும் அவர்தம் உடனாய்வாளரும் 1970களில் ஒரு வழி கண்டனர். 100 கிலோ முழுத் தானியத்துக்கு மூன்று நான்கு கிலோ காஸ்டிக் சோடாவை நீரில் கரைத்துக் கலந்தால் மணியின் மேல்தோல் இளகிவிடுகிறது. அரைக்காமலேயே நுண்ணுயிர்கள் உள்ளே நுழைகின்றன. அரைத்த தானியத்தைப்போல அது ஒரேயடியாகப் புளிப்பதும் இல்லை. பிரிட்டிஷ் பண்ணைகளில் கோதுமையை இவ்வாறு பக்குவப்படுத்திக் கறவை மாடுகளுக்குக் கொடுக்கும் வழக்கம் பரவியது. ஈரத் தானியத்துடன் யூரியாவைக் கலந்து காற்றுப் புகாமல் மூடிவைப்பது மற்றொரு முறை. யூரியாவிலிருந்து பிறக்கும் அம்மோனியா மணிகளில் ஊறிப் பூஞ்சணம் பிடிக்காமல் காக்கிறது. ஸ்டோருக்குப் போகுமுன் பால் கெட்டியாகாதிருக்க நாம் கலக்கும் அதே அம்மோனியாதான் இது. அண்மைக் காலத்தில் கனடாவிலும் ஆஸ்திரியாவிலும் ஆராய்ச்சியாளர்கள் வாற்கோதுமையை மெல்லிய லாக்டிக் அமிலத்தில் ஊறவைத்து, அதன் மாவுச்சத்து வயிற்றில் மெதுவாகக் கரையச் செய்யும் வழியை ஆராய்ந்துள்ளனர். வயிற்றுக்குள் மிகுந்தால் கொல்லும் அமிலமே, வெளியில் தானியத்தோடு சேர்ந்தால் காவலாக அமைவது வியப்புக்குரியது.

இவற்றை அறிந்துகொள்வதில் தவறில்லை. கொட்டகையில் செய்துபார்ப்பதுதான் தவறு. காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். கலக்கும்போது தானியம் கைவைக்க முடியாதபடி சூடேறும். நன்றாக ஆறிய பிறகே மாட்டிடம் கொண்டுபோகலாம். அதைத் தின்ற மாடு மிகுதியாக நீர் குடித்து மிகுதியாகச் சிறுநீர் கழிக்கும். இயந்திரக் கலப்பானும் கையுறையும் தீனியை அளந்து சொல்லும் நிபுணரும் உள்ள பண்ணைக்கே அது பொருந்தும்.

யூரியாவைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் அது தோட்டத்தில் உர மூட்டையாகக் கண்ணெதிரே கிடக்கிறது. யூரியா கலந்தால் பால் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு பிடியை அள்ளித் தீனியில் தூவிவிடும் ஆசை எழலாம். தேர்ந்தவர் கையில் அது தீனியில் மிகச் சிறு பங்காக, நன்றாகக் கலக்கப்பட்டு, பல வாரம் பழக்கப்பட்டே கொடுக்கப்படுகிறது. பழகாத 300 கிலோ எடையுள்ள பசுவுக்கு ஒரே வேளையில் 100 கிராம் யூரியாவே நஞ்சாகலாம். 100 கிராம் என்பது உள்ளங்கையில் அடங்கும் அளவு! அரை மணி அல்லது ஒரு மணி நேரத்துக்குள் உடல் நடுங்கி, வாயில் நுரை தள்ளி, வயிறு உப்பி மாடு சாயும். உரம் போட்ட வாளியைக் கழுவாமல் அதில் தண்ணீர் காட்டியதாலும், கிழிந்த உரச் சாக்கை மாடு நக்கியதாலும் கூட இது நேரும். உர மூட்டைகளும் மாட்டுத் தீனியும் ஒரே கூரையின்கீழ் இருத்தல் கூடாது.

பூஞ்சணம் பிடித்த தானியமும் ஒதுக்கத்தக்கதே. நனைந்து பச்சை பூத்த சோளத்தில் அஃப்லாடாக்ஸின் என்னும் நஞ்சு உண்டாகலாம். அது பசுவின் ஈரலைக் கெடுப்பதோடு நில்லாமல், அதில் ஒரு பகுதி பாலிலும் இறங்குகிறது. பாலைக் காய்ச்சினாலும் அந்நஞ்சு அழியாது. மனிதர் உண்ணத் தகாத தானியம் என்று மலிவு விலையில் கிடைப்பதை வாங்கி மாட்டுக்குப் போட்டால், அது மறுபடியும் நம் பிள்ளைகளின் குவளைக்கே வந்து சேர்கிறது. மழைக்காலத்தில் தீனி மூட்டையைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்கி, சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். தவிட்டை ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்கி வைக்க வேண்டியதில்லை. அதிலுள்ள எண்ணெய் சிக்கடித்துவிடும்.

கடைசியாக, மருந்திட்ட விதைத் தானியம். நடுவதற்கென்று விற்கப்படும் விதைகளுக்குப் பூஞ்சணமும் பூச்சியும் தாக்காதிருக்க மருந்து பூசி, அடையாளமாகச் சாயமும் ஏற்றியிருப்பர். 1971-ஆம் ஆண்டின் இறுதியில் ஈராக் நாட்டு விவசாயிகளுக்குப் பாதரச மருந்திட்ட கோதுமை விதையும் வாற்கோதுமை விதையும் வழங்கப்பட்டன. சாக்குகளில் எழுதியிருந்த எச்சரிக்கை அவர்கள் அறியாத மொழிகளில் இருந்தது. பலர் அதனை அரைத்து ரொட்டி சுட்டு உண்டனர், கால்நடைகளுக்கும் போட்டனர். சிவப்புச் சாயத்தைக் கழுவிவிட்டால் மருந்தும் போய்விடும் என்று நம்பினர். சாயம் போயிற்று, பாதரசம் போகவில்லை. சிலர் முன்னெச்சரிக்கையாகக் கோழிகளுக்குப் போட்டுச் சில நாள் பார்த்து, ஒன்றும் நேரவில்லை என்று துணிந்தனர். அந்நஞ்சு தன்னைக் காட்டப் பல வாரங்கள் ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியாது. 1972-இல் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோர் மட்டும் 6,530 பேர். அவர்களுள் 459 பேர் இறந்தனர்.

நம் தோட்டங்களில் கோதுமை விதைப்பதில்லை. ஆயினும் காய்கறித் தோட்டம் போடுவோர் வீடுகளில் சாயமேற்றிய சோள விதைப் பொட்டலங்கள் கிடப்பதுண்டு. நட்டது போக மிஞ்சிய விதையை மாட்டுத் தொட்டியிலோ கோழிக் கூட்டிலோ கொட்டலாகாது. அடுத்த பருவத்துக்கென்று பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பொட்டலத்தோடு கட்டி வைக்கலாம். வந்த சாக்கையோ டின்னையோ எத்தனை முறை கழுவினாலும் அதில் தவிடு வைக்கலாகாது.